பஞ்சாயத்தில் பிள்ளைக்கும் ஒரு கதிரை போடுங்கள்



எங்கட ஊர் உறவுகளுக்கு, நீளமான பதிவு இது. திட்டுவதென்றால் திட்டுங்கள். ஆனால் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஓ.எல். ரிசல்ட் வந்த கையோடு சோனகதெருவில் ஒரே பேச்சுத்தான். "எங்கட பிள்ளைகள் ஏன் இப்படிப் போகுது?" காரணமும் கையோடு வந்துவிடும். போன், டிக்டொக், கூட்டாளிமார், ரியூசன் சரியில்லை, ரீச்சர்மார் ஒழுங்காகப் படிப்பிக்கிறதில்லை. பள்ளியில் பேசுகிறவரும் இதைத்தான் சொல்வார், தேநீர்க் கடையில் பேசுகிறவரும் இதைத்தான் சொல்வார்.

ஒரு காரணத்தை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. வீடு. உம்மாவும் வாப்பாவும் பிரிந்த வீடு, பிரியாமல் தினமும் அடிபடுகிற வீடு, ஒருவர் இங்கேயும் ஒருவர் புத்தளத்திலும் என்று பாதியாகக் கிடக்கிற வீடு. இதைச் சொன்னால் யாராவது ஒருவருக்குச் சுடும். அதனால் எல்லாரும் போனைத் திட்டிவிட்டுப் போகிறோம். போன் பதில் பேசாது அல்லவா!

நான் எந்த ஒரு குடும்பத்தையும் குறித்து எழுதவில்லை. பல வருடங்களில் பல பிள்ளைகளிடம் பார்த்ததைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இது தன்னைத்தான் என்று யாருக்காவது பட்டால், அவரைப் போல இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பறையில் முதலில் தெரிவது மார்க்ஸ் இல்லை, வரவுப் பதிவேடு. தரம் 8 வரை ஒழுங்காக வந்த பிள்ளை தரம் 9 இல் திங்கட்கிழமைகளில் வராது. ஏனென்றால் சனி, ஞாயிறு வாப்பா வீடு. அங்கிருந்து திரும்பி வரும்போது சப்பாத்து ஒரு வீட்டில், கணிதக் கொப்பி மற்ற வீட்டில். கொப்பி கொண்டு வராத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தினால், "மறந்துட்டன் ரீச்சர்" என்றுதான் சொல்லும். வீட்டுக் கதையைச் சொல்லாது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மானம் எங்களைவிடக் கூட.

பிறகு பெற்றோர் கூட்டம். தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்து வைக்க யாரும் வரமாட்டார்கள். உம்மா நினைப்பார் வாப்பா போவார் என்று, வாப்பா நினைப்பார் அது அவளுடைய வேலை என்று. கடைசியில் உம்மம்மா வருவார், கண் தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். வேறு சில பிள்ளைகள் வாப்பாவின் கையெழுத்தைத் தாங்களே போடப் பழகிவிடும். பிடிபட்டால் "கள்ளப் பிள்ளை" என்று பெயர்.

ஆம்பிளைப் பிள்ளை என்றால் கோபம். வகுப்பில் சின்ன விஷயத்துக்குக் கை நீட்டுவான். அவனுக்கு வீட்டில் காட்ட முடியாத கோபம் அது. பொம்பிளைப் பிள்ளை என்றால் அமைதி. அமைதியான பிள்ளை என்று நாங்கள் சந்தோஷப்படுவோம். அந்தப் பிள்ளை இரவில் தம்பி, தங்கச்சிக்குச் சமைத்து, உடுப்புத் தோய்த்து, உம்மாவின் அழுகையைக் கேட்டு, விடிய எழும்பிப் பாடசாலைக்கு வந்து மூன்றாம் பாடத்தில் மேசையில் தலை வைக்கும். தலையிடி, வயிற்றுக் குத்து என்று அடிக்கடி சொல்லும். மருந்து குடித்தும் மாறாத வயிற்றுக் குத்து எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

இன்னுமொரு விஷயம் இந்த ஊருக்கே உரியது. யாழ்ப்பாணத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவே இழுபடுகிற பிள்ளைகள். வருட நடுவில் சண்டை வரும். உம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தளத்தில் தாய் வீட்டுக்குப் போவார். விடுகைப் பத்திரம் எடுப்பதில்லை. ஏனென்றால் "இண்டைக்கோ நாளைக்கோ சமாதானமாகிடும்." மூன்று மாதம் பிள்ளை எந்தப் பாடசாலையிலும் இல்லை. பிறகு அங்கே சேர்ப்பார்கள். அடுத்த வருடம் சமாதானமாகி இங்கே வருவார்கள்.

ஓ.எல்.லுக்கு ஆறு கட்டாயப் பாடம், மூன்று தொகுதிப் பாடம். தரம் 10 இல் அங்கே ஒரு தொகுதிப் பாடம் எடுத்த பிள்ளைக்கு இங்கே அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். அப்போது ஒரு வருடப் படிப்பை விட்டுவிட்டு, வேறு பாடத்தை நடுவிலிருந்து தொடங்க வேண்டும். அதே காலத்தில்தான் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் எங்கே? வாப்பாவின் அலுமாரியில். அவர் தரமாட்டார், "அவள் வந்து கேக்கட்டும்" என்பார். அவள் போகமாட்டாள். பரீட்சை மண்டபத்துக்கு அடையாள அட்டையோடு போகவேண்டிய பிள்ளை இரண்டு பேருடைய வீம்புக்கும் நடுவில் நிற்கும்.

இதற்கெல்லாம் டிக்டொக்கா காரணம்?

இனி பஞ்சாயத்துக்கு வருகிறேன். கோபம் வருவதும் இந்த இடத்தில்தான்.

எங்களுக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. அதன்படி தலாக் சொல்ல நினைக்கும் கணவன் முதலில் காதிக்கு அறிவிக்க வேண்டும். உறவினர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் துணைக்கு வைத்து காதி சமாதானத்துக்கு முயல வேண்டும். 30 நாட்களுக்குள் சரிவராவிட்டால்தான் அடுத்த கட்டம். மனைவி பஸஹ் கேட்பதற்கும் வழி இருக்கிறது. தாபரிப்புக் காசை காதி தீர்மானிப்பார், கொடுக்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடலாம்.

ஆனால் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு காதியிடம் தீர்வதில்லை. அதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். எங்கட ஊரில் எத்தனை பேர் போகிறார்கள்? சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை, கோர்ட்டு வாசலில் நிற்க வெட்கம். ஆகவே பிள்ளையின் விஷயம் வாய்ப் பேச்சில் முடியும். "பெரியவன் வாப்பாவோட, சின்னதுகள் உம்மாவோட." ஆட்டுக்குட்டி பிரிப்பதுபோல் ஒரே பேச்சில் பிரித்துவிடுவார்கள்.

அந்தப் பேச்சில் என்னவெல்லாம் வரும் தெரியுமா? மஹர், கைக்கூலி, நகை, வீட்டு உறுதி, யார் யாரை என்ன சொன்னது, மாமியார் என்ன செய்தார். நடுச்சாமம் வரை பேசுவார்கள். "பிள்ளை தரம் 11, இன்னும் ஐந்து மாதத்தில் சோதினை, அது வரைக்கும் அதை எங்கே வைத்திருப்போம்?" என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பாரா? அந்தப் பிள்ளை அடுத்த அறையில் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். வாப்பா உம்மாவைப் பற்றி என்ன சொன்னார், உம்மா வாப்பாவைப் பற்றி என்ன சொன்னார், எல்லாம் அதற்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: நாளைக்குத் தான் எந்த வீட்டில் எழும்புவேன் என்பது.

சட்டத் திருத்தம் பற்றி இந்தச் சமூகம் எவ்வளவு சண்டை போட்டது! நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் குழு அமைத்தார்கள், அறிக்கை 2018 இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. திருமண வயது, பெண் காதி, கையெழுத்து. இவை எல்லாம் பேச வேண்டிய விஷயங்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சட்டம் மாறும் வரை காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறதே, பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பது. அதைச் செய்ய எந்தப் பாராளுமன்றம் கூட வேண்டும்?

மார்க்கம் பேசுகிறவர்களுக்கு மார்க்கத்தில் இருந்தே சொல்கிறேன். அபூதாவூதில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு பெண் ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து, கணவர் தன் மகனைக் கொண்டுபோகப் பார்க்கிறார், அவன்தான் எனக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தருகிறான் என்று முறையிடுகிறார். தகப்பன் விட்டுக்கொடுக்கவில்லை. அப்போது நபியவர்கள் அந்தப் பையனைப் பார்த்து, இது உன் தகப்பன், இது உன் தாய், நீ விரும்பியவரின் கையைப் பிடி என்ற கருத்தில் சொன்னார்கள். அவன் தாயின் கையைப் பிடித்தான். தாய் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

யார் பக்கம் தீர்ப்பானது என்பதை விடுங்கள். பையன் அந்த இடத்தில் நின்றான். அவனிடம் கேட்டார்கள். அவன் சொன்னது நடந்தது. 1400 வருடத்துக்கு முன் மதீனாவில் நடந்தது ஏன் எங்கட பஞ்சாயத்தில் நடக்கவில்லை? "சின்னப் பிள்ளையளுக்கு என்ன தெரியும்" என்று சொல்கிற பெரியவர்களே, நீங்கள் எந்தச் சுன்னத்தைப் பின்பற்றுகிறீர்கள்?

சூரா பகராவில், பிரிந்த தாய் தகப்பன் பால்குடிப் பிள்ளையைப் பால் மறக்கடிக்கிற விஷயத்தைக்கூட இருவரும் கலந்து பேசிச் செய்ய வேண்டும் என்ற வழிகாட்டல் இருக்கிறது. பிள்ளையை வைத்துத் தாயையும் வருத்தக்கூடாது, தகப்பனையும் வருத்தக்கூடாது என்பதும் அங்கேயே வருகிறது. பால் மறக்கடிக்கவே கலந்து பேச வேண்டுமென்றால், தரம் 10 இல் பாடசாலை மாற்றுவதற்குக் கலந்து பேச வேண்டாமா?

தலாக் ஹலால்தானே என்று கேட்பவர்களுக்கு: ஆம், ஹலால்தான். நான் யாரையும் பிரியாதே என்று சொல்லவில்லை. அடி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளை படிக்கிறதா? இல்லை. ஒவ்வொரு இரவும் எப்போது சத்தம் தொடங்கும் என்று காது கொடுத்துக்கொண்டு படுக்கிற பிள்ளைக்கு அடுத்த நாள் விஞ்ஞானம் ஏறாது. தாலாட்டுக்குப் பதில் சண்டை கேட்கும் வீட்டை "குடும்பம்" என்று காட்டிப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. சில வீடுகளில் பிரிந்த பிறகுதான் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து படித்ததையும் கண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியல் பேராசிரியர் பல வருடங்களாக விவாகரத்தான குடும்பத்துப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2002 இல் புத்தகம் எழுதினார். பிரிந்த குடும்பத்துப் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் அளவுக்குப் பாரதூரமான பிரச்சினைகள், பிரியாத குடும்பங்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு. இரண்டு பக்கமும் வாசியுங்கள். ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது, அது உண்மை. ஆனால் நான்கில் மூன்று பேர் தாண்டி வந்துவிடுகிறார்கள், அதுவும் உண்மை. "அது உடைஞ்ச வீட்டுப் பிள்ளை, உருப்படாது" என்று முத்திரை குத்துகிறவர்கள் இந்த இரண்டாவது உண்மையைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பிரிவுக்குப் பிறகு பெரியவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

இன்னொரு பதில் எப்போதும் வரும்: "எல்லாம் 90 இல தொடங்கின வினை." 

தெரியும். 1990 ஒக்டோபர் 30 எந்த யாழ்ப்பாண முஸ்லிமுக்கும் மறக்காது. ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறு என்றார்கள் புலிகள். வடக்கு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர். அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலில், புத்தளத்திலும் கல்பிட்டியிலும் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009 க்குப் பிறகு வாப்பா வியாபாரத்துக்காக இங்கே வந்தார், வீடு கட்டி முடியவில்லை, உம்மாவும் பிள்ளைகளும் அங்கே. ஒரு குடும்பம் இரண்டு ஊரில் வருடக்கணக்காக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்தத்தின் மனவடு பற்றி எழுதும்போது அது தனி ஆளோடு நிற்காது, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே குலைக்கிறது என்று தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறார். எங்களுக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஆனால் இன்றைக்குத் தரம் 10 இல் இருக்கிற பிள்ளை பிறந்ததே யுத்தம் முடிந்த பிறகு. அந்தப் பிள்ளையை யாரும் துவக்கு காட்டி வெளியேற்றவில்லை. அதை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, ஒரு பாடசாலையிலிருந்து இன்னொரு பாடசாலைக்கு, ஒரு பையோடு அனுப்பிக்கொண்டிருப்பது நாங்கள். இரண்டு மணி நேர அவகாசம்கூட அதற்குக் கொடுப்பதில்லை. 35 வருடமாக எங்களுக்கு நடந்த அநியாயத்தைப் பேசுகிற நாங்கள், எங்கட பிள்ளைக்கு அதையே செய்யலாமா?

வெளிநாடு போகிற தாய்மாரையும் சொல்ல வேண்டும், ஆனால் மற்றவர்கள் சொல்வதுபோல் இல்லை. வாப்பா காசு கொடுக்காமல் விட்டபின் உம்மா சவூதிக்கோ குவைத்துக்கோ போகிறார். ஊர் உடனே, "பிள்ளையளை விட்டுட்டுப் போயிட்டாள்" என்கிறது. காசு கொடுக்காதவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் வேறு கலியாணம் முடித்து அடுத்த தெருவிலேயே இருப்பார், ஜும்ஆவில் முதல் ஸப்பில் நிற்பார், ஸலாம் சொல்ல எல்லாரும் போட்டி போடுவார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மார் போவதைத் தடுக்க 2013 இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவந்தது, 2022 நெருக்கடியில் அதைத் தளர்த்தியது. அந்த விதி அதிகம் கவலைப்பட்டது ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பற்றித்தான். பதினைந்து வயதுப் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று அரசாங்கமும் நினைக்கிறது, நாங்களும் நினைக்கிறோம். வளர்ந்த உடம்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

"கடையில் நிண்டு தொழில் பழகட்டும்" என்று தரம் 9 இல் பையனை நிறுத்துகிற வாப்பாமாருக்கும் ஒன்று. 2016 முதல் இந்த நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயதும் இப்போது 16 தான். நீங்கள் செய்வது தொழில் பழக்குவது இல்லை, சட்ட மீறல். கடையில் நின்று கையில் காசு புழங்கும் பையனை யார் தேடி வருவார்கள் என்பதும் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஐஸும் பவுடரும் விற்கிறவனுக்கு வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளையைத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். எங்களுக்குத்தான் தெரிவதில்லை.

பாடசாலைகளும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. "உண்ட வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று முழு வகுப்புக்கும் கேட்கச் சொல்கிற பழக்கம், விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்து இல்லையென்று திருப்பி அனுப்புகிற பழக்கம், ஆசிரியர் அறையில் தேநீரோடு பிள்ளையின் வீட்டுக் கதை பேசுகிற பழக்கம், எல்லாம் நிற்க வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் கட்டிளமைப் பருவ உளவியலைப் பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு வகுப்பறைக்கு வந்ததும் பிரம்பைத் தேடினால் அந்தப் படிப்பு எதற்கு?

சரி, என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பின்வருபவை போதும்.

1. பள்ளி நிர்வாகமும் காதியும் எந்தக் குடும்பப் பிணக்கை எடுத்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: பிள்ளைகள் எத்தனை, எந்தத் தரம், எந்தப் பாடசாலை, பரீட்சை எப்போது? அதை எழுதி வைத்துக்கொண்டு பிறகு மஹரைப் பேசுங்கள்.

2. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைத் தனியாக, அது நம்புகிற ஒருவரோடு இருத்திக் கேளுங்கள். "உனக்கு யார் விருப்பம்?" என்று கேட்காதீர்கள், அது பிள்ளையைக் கூண்டில் ஏற்றுவது. "நீ எங்கிருந்து படிக்கப் போகிறாய், உனக்கு என்ன தேவை?" என்று கேளுங்கள். பொம்பிளைப் பிள்ளையிடம் ஒரு பெண் பேசட்டும். ஊரில் படித்த பெண்கள் இல்லாமலா போய்விட்டார்கள்?

3. தரம் 10, 11 பிள்ளை இருந்தால் பரீட்சை முடியும் வரை பாடசாலை மாற்றுவதில்லை என்று இரு பக்கமும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் விடுகைப் பத்திரத்தோடு, தவணை முடிவில். பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி இரு வீட்டிலும் ஒவ்வொன்று இருக்கட்டும்.

4. வாப்பாமாரே, தாபரிப்பு என்பது அவளுக்குக் கொடுக்கும் தண்டப்பணம் இல்லை. அது உங்கள் பிள்ளையின் பஸ் காசு, கொப்பி, காலைச் சாப்பாடு. அவளோடு கோபம் என்றால் அவளோடு வைத்துக்கொள்ளுங்கள். உம்மாமாரே, பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். "உன்ட வாப்பாட்ட போய்க் கேள்" என்ற ஒரு சொல் பிள்ளையைப் பிச்சை எடுக்க வைக்கிறது.

5. சாச்சா, மாமா, பெரியம்மா, ராத்தா என்று உறவு சொல்லிக்கொள்கிறவர்கள் யாராவது ஒருவர் பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள். அந்தப் பிள்ளைக்காக ஒரு ஆள் வந்து கதிரையில் உட்கார்ந்தால் போதும். அதன் முகம் மாறுவதை நீங்களே காண்பீர்கள்.

6. பிள்ளை சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சாக வேண்டும் என்று பேசுகிறது, கையைக் கீறிக்கொள்கிறது என்றால் பேய், கண்ணூறு என்று இழுத்தடிக்க வேண்டாம். ஓதிப் பாருங்கள், ஆனால் ஓதுவதோடு நிறுத்தாதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். 1926 தேசிய உளநல உதவி இலக்கம். பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் என்றால் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. இந்த இரண்டு இலக்கத்தையும் போனில் பதிந்து வையுங்கள்.

"ரீச்சருக்கு எதுக்கு அடுத்த வீட்டுக் கதை? படிப்பிக்கிற வேலையைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். அந்த வேலையைப் பார்ப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையின் மனம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது நான் கரும்பலகையில் என்ன எழுதினாலும் அது அதற்குத் தெரியப்போவதில்லை.

கணவன் மனைவி உறவு முடியலாம். அல்லாஹ் அதற்கு வழி வைத்திருக்கிறான். வாப்பா, உம்மா என்ற உறவுக்குத் தலாக்கும் இல்லை, பஸஹும் இல்லை, இத்தாவும் இல்லை. மறுமையில் அமானிதம் பற்றிக் கேட்கப்படும் என்று ஒவ்வொரு குத்பாவிலும் கேட்கிறோம். பிள்ளையைவிடப் பெரிய அமானிதம் என்ன இருக்கிறது?

பள்ளி நிர்வாக சபையில் இருக்கும் சகோதரர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு முதல் மூன்று விஷயங்களை மட்டுமாவது பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள். மறுப்பு இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஒரே வேண்டுகோள்: எந்தக் குடும்பத்தின் பெயரையும், எந்தப் பிள்ளையின் பெயரையும் இங்கே எழுத வேண்டாம். அவர்களும் இதை வாசிப்பார்கள்.

வஸ்ஸலாம்.